கண்ணாடியும் ஒரு சாசனம்: சுவாபம் பிறயர் ஆலயத்தின் நினைவு யன்னல்கள்

சான்று தேடும் வரலாற்று மாணவன் கல்வெட்டையும் செப்பேட்டையும் முதலில் நாடுவது வழக்கம். ஆயின் கண்ணாடியும் சாசனமாகலாம் என்பதற்கு இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ்சயரிலுள்ள சுவாபம் பிறயர் என்னும் கிராமம் தக்க உதாரணமாகும்.

அங்கு ஒரே வளவினுள் இரு தேவாலயங்கள் அருகருகே நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டிலே புனித மரியாள் ஆலயக் கோபுரத்தை மின்னல் தாக்கிற்று. காலப்போக்கில் அவ்வாலயம் பாழடைய, ஊரவர் புனித சிரியாக் ஆலயத்தைப் புதுக்கி வழிபட்டனர். பின்னர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய திருப்பணியால் மரியாள் ஆலயம் மீண்டெழ, சிரியாக் ஆலயம் கவனிப்பாரற்றுப் போயிற்று. ஒன்று வாழ மற்றொன்று வாடியது.

முதலாம் உலக யுத்தம் (1914–1918) முடிவுற்றபின், ஊரின் நிலக்கிழாரான சி. பி. அலிக்ஸ் மரியாள் ஆலயத்தில் வண்ணக் கண்ணாடி நினைவு யன்னல்களை அமைப்பித்தார். அக்கால நினைவு யன்னல்கள் பலவற்றில் புனித ஜோர்ஜும் தேவதூதருமே இடம்பெற்றனர். இங்கோ வேதாகம வசனங்களுடன் பதுங்குகுழி, தாங்கி, ஆகாயவிமானம், நீர்மூழ்கிக்கப்பல், செப்பலின் ஆகாயக்கப்பல், வெடிமருந்துத் தொழிற்சாலையிற் பணிபுரியும் பெண்கள் ஆகிய காட்சிகள் இடம்பெற்றுள்ளன.

இத்தெரிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1915 ஜனவரி 19ஆம் திகதி செப்பலின்கள் அயலிலுள்ள நோர்போக் மாவட்டத்தின் கிங்ஸ் லின், கிறேற் யாமத் நகரங்களிற் குண்டு வீசின. இங்கிலாந்து மண்ணில் நிகழ்ந்த முதலாவது செப்பலின் தாக்குதல் இதுவே. தாங்கி முதன்முதலாகப் போர்க்களம் புகுந்தது 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி சொம் களத்திலாகும். 1917இல் ஜேர்மன் நீர்மூழ்கிகள் பிரித்தானியாவின் உணவு வரவையே அச்சுறுத்தின. எனவே களத்துக்கு அப்பால் வானிலும் கடலிலும் தொழிற்சாலையிலும் பரந்த யுத்தத்தையே இவ்யன்னல்கள் பதிவு செய்கின்றன. பெண்களின் உழைப்பு அதில் இடம்பெற்றமை சிறப்பாகக் கருதத்தக்கது.

எனினும், இச்சாசனத்தை எழுதுவித்தவர் நிலக்கிழார் என்பதை மறத்தலாகாது. எதை நினைவுகூர்வது என்பதை வசதிபடைத்தவரே தீர்மானித்தார். தொழிற்சாலைப் பெண்ணோ களம் சென்ற கமத்தொழிலாளியோ தாமே யன்னல் அமைத்திருப்பின் எதனை வரைவித்திருப்பர் என்ற வினா எழாமலிராது.

கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயம் காலப்போக்கில் தளர்வது. மழைநீர் புகுந்தால் கட்டடமும் கெடும். சிரியாக் ஆலயத்தை இன்று தேவாலயப் பாதுகாப்பு நிதியம் பேணுகின்றது. மின்னல் தாக்கிய ஆலயத்தை ஊரவர் மீளக் கட்டியிராவிடின் இந்த யன்னல்களுக்கு அங்கே சுவரும் இருந்திராது. சான்றுகள் தாமாக எஞ்சுவதில்லை. பேணுவார் உள்ளவிடத்தே எஞ்சுகின்றன.