வேலைத்தள விபத்து: 'கவனயீனம்' என்று முடித்துவிடலாமா?

வேலைத்தளத்தில் ஒருவர் விரலை இழந்தாலும் உயிரை இழந்தாலும் முதலில் வரும் சொல் 'கவனயீனம்'. விபத்து ஏன் நிகழ்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் அந்தச் சொல்லோடு நின்றுவிடவில்லை.

அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமொன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிச் 'டொமினோ' கோட்பாட்டை முன்வைத்தார். வரிசையாக நிறுத்திய கட்டைகளில் ஒன்று சரிந்தால் மற்றவையும் சரியும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் சரிவு நின்றுவிடும். 88 வீதமான விபத்துகளுக்குத் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களே காரணம் எனவும் அவர் கணக்கிட்டார். மேற்பார்வையாளர்கள் எழுதிய அறிக்கைகளை நம்பியதால் பழி தொழிலாளர் பக்கம் சாய்ந்தது என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது.

பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் வேறு விளக்கம் தந்தார். சட்டம், நிர்வாகம், இயந்திரம், பயிற்சி என ஒவ்வொரு பாதுகாப்பு அரணிலும் ஓட்டைகள் உண்டு. அவை ஒரே நேர்கோட்டில் அமையும்போதே விபத்து நிகழ்கிறது. தொழிலாளியின் தவறு கடைசி ஓட்டை மட்டுமே.

பங்களாதேசின் ரானா பிளாசா இதற்குச் சாட்சி. அனுமதியின்றி மேல்மாடிகள் கட்டப்பட்டிருந்தன. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் வெடிப்புகள் தென்பட்டன. கீழ்த்தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். சம்பளம் போய்விடும் என்ற அச்சத்தில் உள்ளே சென்றனர். கட்டடம் இடிந்து 1,100இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதில் யாருடைய கவனயீனம்?

தடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆபத்தையே அகற்ற வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ பயன்படுத்த வேண்டும். அடுத்து இயந்திரத்துக்குக் காப்பு. பிறகு பயிற்சியும் வேலை நேர ஒழுங்கும். தலைக்கவசமும் கையுறையும் கடைசி வழி. பல இடங்களில் இந்தக் கடைசி வழியைக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள்.

போருக்குப் பின் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்கு அந்தச் சம்பளமே ஆதாரம். ஆபத்தைக் கண்டாலும் வாய் திறக்கத் தயங்குவது இயல்பு. ஆனால் ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பிட வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வேலையின்போது காயமடைந்தவருக்கும், இறந்தவரில் தங்கியிருந்தோருக்கும் நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. முறைப்பாடுகளைத் தொழில் திணைக்களத்திடம் கொண்டு செல்லலாம்.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த விபத்தைத் தடுக்க அந்தக் குறிப்பு உதவும். தடுக்க முடியாமல் போனாலும், 'கவனயீனம்' என்ற சொல்லுக்கு அதுவே பதில்.