வீட்டைச் சூடாக்காத அடுப்பு

வீட்டின் நடுவில் இரும்பு அடுப்பை நிறுத்தி, கூரையைத் துளைத்துப் புகைபோக்கி ஏற்றி, அதன் வெம்மையில் குளிர்காலத்தைக் கழிப்பது வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பழகிப்போன ஏற்பாடு. 1744இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தமது புதிய அடுப்பை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். நகரங்களைச் சுற்றி விறகு அருகிவருவதையும் விலை ஏறுவதையும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார். அந்த அடுப்புப் பழகிய அமெரிக்காவின் மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் காலூன்றினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். கல்வியும் அச்சும் மேலைமருத்துவமும் அவர்களோடு வந்து இங்கே நிலைத்தன. அவர்களுடைய ஊர் அடுப்பு நிலைக்கவில்லை. வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் பாதிப் பதிலையே அது தரும். நெருப்பை வீட்டில் எங்கே வைப்பது என்பதை யாழ்ப்பாணத்து நல்லூரில் வெயில் தீர்மானித்தது. அடுப்பு எந்த வடிவில் இருக்கவேண்டும், அதன் முன்னால் யார் எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பவற்றைத் தீர்மானித்தது விறகு.

முதலில் வெயிலின் பங்கைப் பார்ப்போம். மார்கழி, தை மாத இரவுகளில்கூட நல்லூரில் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. பனிக்கு ஒரு போர்வையும் விடியலில் ஒரு தேநீரும் போதும். ஆகவே இங்கே வீடு கட்டியவர்களின் கவலை நெருப்பை உள்ளே கொண்டுவருவதல்ல, வெளியே தள்ளிவைப்பது. 1619இல் போர்த்துக்கேயர் கைக்கு மாறும்வரை அரசிருக்கையாக இருந்த ஊர் இது என்றாலும், குடிமக்களின் வீடுகள் நெடுங்காலம் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாகவே இருந்தன. காய்ந்த ஓலைக்கு ஒரு பொறி போதும். குசினியைத் தலைவாசலிலிருந்து விலக்கித் தனிக் கொட்டிலாகப் போட்டது இதனால்தான். அடுக்களையின் ஆசாரமே அதைத் தனியாக்கியது என்று வாதிடுவோர் உண்டு. குளித்துவிட்டு நுழைவது, பிற சாதியாரை உள்ளே விடாதது ஆகிய கட்டுப்பாடுகள் இருந்தது உண்மை. ஆனால் அதே ஆசாரத்தைக் கடைப்பிடித்த தமிழகத்து அக்கிரகாரங்களில் சமையலறை வீட்டோடு ஒட்டியே பின்கட்டில் இருந்தது. ஆசாரம் மட்டும் காரணமென்றால் அங்கேயும் தனிக் கொட்டில் இருந்திருக்க வேண்டும். ஓலைக்கூரையும் வெயிலும் பிரித்துவைத்த இடத்துக்கு ஆசாரம் பின்னால் வந்து காவல் நின்றது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

இனி விறகு. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண் படிந்த நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, காடு என்று சொல்லத்தக்கதும் இல்லை. நெருக்கமாகக் குடியேறித் தோட்டம் செய்யும் மண்ணில் விறகுக்கென்று யாரும் மரம் நடவில்லை. வேறு தேவைக்கு வளர்த்த மரத்தின் கழிவே விறகாயிற்று. வேலிக் கிளுவையையும் பூவரசையும் வெட்டினால் குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும், தடி அடுப்புக்கு வரும். தென்னை பாளையும் பொச்சுமட்டையும் சிரட்டையும் தந்தது. எல்லாவற்றையும்விடக் கூடுதலாகத் தந்தது பனை: காவோலை, மட்டை, பன்னாடை, பூரன் எடுத்தபின் மிஞ்சும் ஊமல். பன்னாடையும் ஓலையும் நெருப்புப் பற்றவைக்க. மட்டை சோறு கொதிக்க. ஊமல் மெதுவாகக் கனன்று கறி வற்ற. மிஞ்சிய ஊமற்கரி மறுநாட் காலை பல் தீட்ட. பனை மரத்தின் தண்டோ மேலைநாட்டு வெட்டுவிறகைப்போல அடுப்புக்கு வரவில்லை. வளையும் கைமரமுமாகக் கூரைக்குப் போனது, ஒல்லாந்தர் காலத்தில் கப்பலேறி இந்தியக் கரைக்கும் போனது.

இந்த விறகின் குணத்தைக் கவனித்தால் அடுப்பின் உருவம் விளங்கும். மூடிய இரும்பு அடுப்புக்கு வேண்டியது கட்டையாகப் பிளந்த, அடர்த்தியான, ஓராண்டாவது காயவைத்த மரம். கதவைச் சாத்திக் காற்றைக் குறைத்தால் அது மணிக்கணக்கில் எரியும். பனமட்டை அப்படி எரியாது. சடசடவென்று பிடித்து, உயர்ந்த சுவாலை விட்டு, சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அதன் நீளத்துக்குப் பெட்டி அடுப்பு கொள்ளாது, வெட்டிச் சிறிதாக்குவதும் வீண் வேலை. எனவே முன்பக்கம் திறந்த மண்ணடுப்பு. நிலத்தில் மூன்று புடைப்பு, சாணமிட்டு மெழுகிய மேடு, மட்டையின் நுனி உள்ளே, அடி வெளியே நிலத்தில். எரிய எரியக் கையால் உள்ளே தள்ளவேண்டும், சோறு பொங்கினால் வெளியே இழுக்கவேண்டும், அணைந்தால் ஊதுகுழலால் ஊதவேண்டும். காற்றைத் திருகிக் குறைக்கும் வசதி அடுப்பில் இல்லாததால், அந்த வேலையை அடுப்பின் முன்னால் குந்தியிருந்த பெண்ணின் கை செய்தது.

மூடிய அடுப்பைச் செய்யத் தெரியாததால் திறந்த அடுப்பை வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. நெருப்பையும் புகையையும் அடைத்துவைக்கும் கலை இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையில் பேரெடுத்ததற்குப் புகைக் குடிலும் ஒரு காரணம். வெயிலில் வாடிய இலைகளைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, கீழே பொச்சுமட்டை முதலியவற்றைச் சுவாலை எழவிடாமல் மூட்டமாக எரித்து, புகை வெளியேறாதபடி அடைத்துப் பதப்படுத்தினார்கள். வாழைக்குலையைக் குழியிலிட்டு மூடிப் புகையூட்டிப் பழுக்கவைப்பதும், சூளையில் சுண்ணாம்பு சுடுவதும் அதே அறிவின் வேறு பயன்கள். ஆக, அடைக்கவேண்டிய இடத்தில் அடைத்தார்கள், திறக்கவேண்டிய இடத்தில் திறந்தார்கள். குசினியிலும் புகைக்கு வேலை இருந்தது. ஓலைக்கூரையைப் பூச்சி அரிக்காமல் அது காத்தது. அடுப்புக்கு மேலிருந்த பரணில் மழைக்காலத்து விறகையும் விதைக்கு வைத்த காய்களையும் உலர்த்தியது.

இதைச் சொன்னதும் பழைய குசினியைப் போற்றிப் பாடுவதாக ஒரு மறுப்பு எழும். அது தள்ளிவிடக்கூடிய மறுப்பல்ல. பரணைக் காத்த அதே புகைதான் அடுப்படியில் இருந்தவளின் கண்ணையும் நுரையீரலையும் கெடுத்தது. கூரைக்கு வந்த இலாபத்துக்கு அவள் உடம்பு விலை கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டில் கல்வீடும் ஓட்டுக்கூரையும் பெருகியபோது குசினிச் சுவரில் புகைக்கூடு எழுந்ததும், நிலத்து அடுப்பு இடுப்பளவு மேடைக்கு ஏறியதும் உண்மையான விடுதலைகள். கூரை ஓடானபின் புகைக்குக் கூரையில் வேலை இல்லாமற் போனதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். 1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ என்ற இரட்டை வாய்ச் சுடுமண் அடுப்பு, குறைந்த விறகில் இரண்டு பானையைக் கொதிக்கவைத்து அந்த விடுதலையை இன்னும் ஓரடி நகர்த்தியது. ஆனால் வாய் சிறுத்த அடுப்புக்குச் சிறிதாக வெட்டிய விறகு வேண்டும். மட்டையை வெட்டும் வேலை மறுபடியும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்தால் அந்த இலாபத்தில் ஒரு பங்கு கரைந்துபோகும்.

விறகு அல்ல, பழக்கமே அடுப்பைத் தீர்மானிக்கிறது என்பார்க்கு இடம் மாறிய தமிழர்களின் வாழ்க்கை விடை சொல்லும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தோட்டத்துரைமாரின் பங்களாக்களுக்குக் கணப்பும் புகைபோக்கியும் இருந்தன. லயக் காம்பராவில் அடைபட்ட தமிழ்த் தொழிலாளருக்கோ, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை எரித்துச் சோறு பொங்கும் அடுப்பே குளிர்காயவும் பயன்பட்டது. நோர்வேயில் விறகு அடுப்பு இன்றும் சாதாரண வீட்டுப்பொருள். 1998 முதல் அங்கே புதிதாக விற்கும் அடுப்புகளுக்குப் புகை வரம்பும் உண்டு. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் அந்நாட்டுக்குப் போனார்; பின்னர் ஆயிரக்கணக்கான யாழ்ப்பாணத்தார் போய்ச் சேர்ந்தார்கள். பேர்ச் மரக்கட்டை கிடைக்கும் நாட்டில் வாழ்கிறவர் பேர்ச் மரக்கட்டைக்கு ஏற்ற அடுப்பைத்தான் பழகுகிறார்.

கடைசிச் சான்று நமது காலத்திலேயே இருக்கிறது. மண்ணெண்ணெய் குக்கரும் பிறகு எரிவாயுவும் வந்தபோது மட்டையின் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடை வந்ததும் குக்கர் மூலைக்குப் போனது, குடாநாடு மட்டைக்கும் ஊமலுக்கும் திரும்பியது. அதே ஆண்டுகளில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. எரிக்க வேண்டியது கூடிய வேளையில் எரிப்பதைத் தரும் மரம் குறைந்தது. 2022இல் நாடு கடனில் மூழ்கி எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை நீண்டபோது நகரத்து வீடுகளின் முற்றத்தில் மறுபடியும் மூன்று கல் வைக்கப்பட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவை விறகில்தான் சமைத்தன என்பதை நினைத்தால், இது விதிவிலக்கான வீழ்ச்சியல்ல என்பது தெரியும். எனவே நல்லூருக்குப் புதிய அடுப்பு கொண்டுவர விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டியது அடுப்பை அல்ல, வளவை. வேலியில் எது நிற்கிறது, பனை எத்தனை மிச்சம், மட்டையை யார் வெட்டுவார் என்ற மூன்றுக்கும் விடை தராத அடுப்பு, எவ்வளவு நுட்பமானதானாலும், அடுத்த சிலிண்டர் வந்து இறங்கும் அன்று கைவிடப்படும்.