பெரியாற்று அணைக்குப் பணம் கொடுத்தது யார்?: வெள்ளையர் அரசின் செலவு குறித்துச் சமவெளியிலும் ஏலப்பாறை மலையிலும் வழங்கும் மக்கள் கருத்து

முல்லைப் பெரியாறு அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறை கட்டிய அணை. 1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபர் 10ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார். செலவு 80 லட்சம் ரூபாயைத் தாண்டியது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பிய வேலை அது. கட்டுமானத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய திட்ட வரலாறு 1899இல் சென்னையில் வெளிவந்தது. அணை அரசுப் பணத்தில் எழுந்தது என்பதில் ஆவண அளவில் ஐயம் இல்லை.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரிலோ கம்பத்திலோ ஒரு டீக்கடையில் கேட்டால் வேறு கணக்கு கிடைக்கும். கட்டிக்கொண்டிருந்த அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது; இனி ஒரு பைசா தர முடியாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் கையை விரித்தது; அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் துரை சீமைக்குப் போய்ச் சொத்தை விற்று, பெண்டாட்டி நகையையும் விற்று, அந்தப் பணத்தோடு திரும்பி வந்து கட்டி முடித்தார் என்பதே அந்தக் கணக்கு. சொல்பவரின் தலைக்கு மேலே, சாமி படங்களின் வரிசையில், மீசை வைத்த அந்தப் பொறியாளரின் படமும் மாலையோடு தொங்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயர் இடப்படுகிறது. அவர் பிறந்த சனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால் அன்று அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் தமிழக அரசு லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தது. 2022இல் அவர் இறந்த ஊரான இங்கிலாந்தின் கேம்பர்லியில் சிலை வைத்தது.

தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் கொண்டுபோனது உண்மை. சொத்தை விற்றதற்கு மட்டும் ஆவணச் சான்று இல்லை. வரலாற்றாசிரியர் பலர் இதைக் கட்டுக்கதை என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். அப்படி நிறுத்துவது போதாது. ஆங்கில அரசின் வரவு செலவு பற்றிப் படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குத் தாராளமாகத் தடயம் உண்டு. 1884இல் தொடங்கிய சென்னை மகாஜன சபையின் தீர்மானங்கள் இருக்கின்றன. இந்தியச் செலவினத்தை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் 1897இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் அளித்த சாட்சியம் இருக்கிறது. உழவரும் கூலியாட்களும் எந்த ஆணையத்தின் முன்னும் நிறுத்தப்படவில்லை. அவர்கள் கருத்துக்குச் சான்று அவர்கள் சொல்லிவந்த கதைதான். எனவே கதை நடந்ததா என்று மட்டும் கேட்காமல், அது அரசாங்கத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அது சொல்வது தெளிவானது: வெள்ளைக்கார அரசாங்கம் குடியானவனுடைய தண்ணீருக்குத் தன் பணத்தைச் செலவழிக்கும் அரசாங்கம் அல்ல, அப்படி ஒரு செலவு நடந்திருக்கிறது என்றால் யாரோ ஒரு நல்ல மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டிருக்க வேண்டும். தகவலாகப் பார்த்தால் இது தவறு. மதிப்பீடாகப் பார்த்தால் இதை எளிதில் தள்ள முடியாது.

பெரியாற்றைத் திருப்பும் யோசனை ஆங்கிலேயருடையது அல்ல. 1789இலேயே இராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்காக மலையை ஆராயச் செய்தார். பணம் இல்லாமல் அது நின்றது. 1808இல் கேப்டன் கால்டுவெல் இடத்தைப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவைத்தார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் மீண்டும் ஒரு திட்டம் வரைந்தார். 1876–78 தாது வருசப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சூறையாடிய பிறகும் பல ஆண்டுகள் கடந்தே, 1880களில் பென்னிகுயிக்கின் திருத்திய வரைவு ஒப்புதல் பெற்றது. முதல் ஆராய்ச்சியிலிருந்து திறப்பு விழா வரை நூறு ஆண்டுக்கு மேல். இந்த இடைவெளியில் வைகைக் கரையில் வாழ்ந்து மடிந்த தலைமுறைகளுக்கு, அரசு செலவழிக்காது என்பது அன்றாட அனுபவம்.

செலவழித்ததற்கும் ஒரு விதி இருந்தது. பாசன வேலைக்குக் கடன் வாங்கிப் போடும் முதல், தீர்வையாகவும் தண்ணீர் வரியாகவும் வட்டியோடு திரும்ப வேண்டும்; திரும்பாது என்று தோன்றும் திட்டம் மேசையிலேயே கிடக்கும். இருப்புப்பாதைக்கோ வேறு நியாயம். இலண்டனில் பதிவான இரயில் கம்பெனிகளின் முதலுக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று அரசே உத்தரவாதம் தந்தது; குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுசெய்தது. ஆற்றுக்குச் செலவழிப்பதே பஞ்சத்துக்கு மருந்து என்று கோதாவரி அணைக்கட்டைக் கட்டிய ஆர்தர் காட்டன் 1878இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வாதிட்டும், இரயிலுக்குப் போன தொகையின் அருகே பாசனத்துக்கு வந்த தொகை நெருங்கவே இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் தானமாக வந்ததல்ல. அதைப் பாய்ச்சியவர்கள் தீர்வை கட்டி முதலைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அளவில் அணையைக் கட்டிய பணம் உழவருடைய பணமே. பென்னிகுயிக் கதையின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அரசைக் கஞ்சன் என்று சரியாகச் சொல்லும் அந்தக் கதை, செலவைத் தாங்கியவர்கள் தாங்களே என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

தண்ணீர் எட்டிய எல்லையோடு இந்த நன்றியும் நின்றுவிடுகிறது. பேரணையில் பிரியும் பெரியாற்றுப் பெருங்கால்வாய் வாடிப்பட்டி வழியாக மேலூர் வரை போயிற்று. மேலூரின் வானம் பார்த்த பூமி நெல் வயலாயிற்று. கால்வாய் எட்டாத உசிலம்பட்டிப் பக்கத்தில் வாழ்ந்த பிரமலைக் கள்ளருக்கு அதே அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொடுத்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தனர். அங்கே வெள்ளையர் ஆட்சியின் நினைவாக நிற்பது சுடப்பட்டவர்களின் நினைவுத்தூண். கண்காணிக்கவும் சுடவும் அரசிடம் பணம் இருந்தது, கால்வாய்க்கு இல்லை. 58 கிராமக் கால்வாய் வேண்டும் என்ற அந்த வட்டார மக்களின் கோரிக்கை விடுதலைக்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது.

மலையின் மேற்குப் பக்கத்தில் வேறொரு கதை வழங்குகிறது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு, நீர்த்தேக்கத்துக்கான 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகைக்கு, 999 ஆண்டுக் குத்தகையாகச் சென்னை மாகாணத்துக்கு எழுதிக்கொடுத்தது. ஆண்டு வாடகை 40,000 ரூபாய். ஆங்கிலேயர் வற்புறுத்தியதால் விசாகம் திருநாள் மகாராஜா தம் நெஞ்சின் இரத்தத்தால் எழுதுவதாகச் சொல்லி ஒப்பமிட்டார் என்று கேரளத்தில் சொல்வார்கள். விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். பத்திரம் எழுதப்பட்டது மூலம் திருநாள் காலத்தில். ஆக, இதுவும் ஏடுகளோடு ஒட்டாத கதை. ஆனால் மேலாட்சி செலுத்திய வல்லரசின் பிரதிநிதி தலைநகரிலேயே உட்கார்ந்திருக்கும்போது ஒரு சமஸ்தானம் எவ்வளவு சுதந்திரமாகக் குத்தகை பேச முடியும் என்ற கேள்வியைத்தான் அது தாங்கி நிற்கிறது. 999 ஆண்டுக்கு மாறாத வாடகை என்பதைப் படிக்கும் எவருக்கும் அந்தக் கேள்வி எழும். (1970 மே 29இல் செய்த துணை ஒப்பந்தத்தில் ஏக்கருக்கு 30 ரூபாய் என்று அது உயர்ந்தது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது.) குத்தகைப் பத்திரம் செல்லும் என்பதே உச்ச நீதிமன்றம் 2014 மே 7இல் அளித்த தீர்ப்பு.

இந்த இரண்டு கதையும் ஒரே வீட்டில் காதில் விழும் இடம் ஏலப்பாறை. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில், இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு தாலுகாவில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே இருக்கும் ஊர். தோட்ட லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர். கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கூட்டிவந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கு இன்றும் 'ஊர்' என்றால் கம்பம், தேனி, சங்கரன்கோவில். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பென்னிகுயிக் படத்துக்கு மாலை விழுவதைப் பார்க்கிறார்கள். திரும்பி வந்து கட்டப்பனைக்குப் பஸ் ஏறினால், சப்பாத்தில் பெரியாற்றைக் கடக்கிறார்கள். அணை உடைந்தால் முதலில் அழியும் ஊர்களில் ஒன்று என்று அஞ்சி, புதிய அணை கேட்டு ஆண்டுக்கணக்கில் தொடர் உண்ணாவிரதம் நடந்த ஊர் அது. 2011 டிசம்பரில் இரு மாநிலத்திலும் கொதிப்பு ஏறியபோது இடுக்கியின் தமிழ்க் கூலிகள் பலர் குடும்பத்தோடு மலையிறங்க வேண்டியிருந்தது. ஊரில் 'மலையாளத்துக்காரர்', மலையில் 'பாண்டிக்காரர்' என்று பெயர் வாங்கியவர்கள், அணையைப் பற்றிக் கேட்டால் பேச்சை அடக்கிக்கொள்வது அறியாமையால் அல்ல.

அவர்களுடைய முன்னோர் மலையேறிய காரணமும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததே. காடாகவும் வறண்ட புஞ்சையாகவும் விடப்பட்ட இரண்டு நிலங்களை வெள்ளையர் ஆட்சி ஒரே காலத்தில் இணைத்தது. பீர்மேட்டில் 1860களில் காப்பி போட்டார்கள். இலைத்துரு நோய் அதை அழிக்கவே தேயிலை வந்தது. தோட்டக்காரருக்கு நிலம் மலிவாகக் கிடைத்தது; கூலியாட்களைப் பஞ்சமும் பாசனமின்மையும் சாதிக் கொடுமையும் சேர்த்துக் கொடுத்தன. முன்பணம் வாங்கியவர் ஓடினால் சிறை என்ற சட்டத்தைப் பிரிட்டிஷ் இந்தியா 1859இலேயே இயற்றிவிட்டது. சமவெளியில் அரசு செய்யாத செலவே மலைக்கு ஆளனுப்பியது என்று சொன்னால் மிகையாகாது.

மலையில் அரசு என்ற ஒன்று அவர்கள் கண்ணில் படவே இல்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் அறைகள், முன்னே ஒரு திண்ணை, பின்னே புகை அடைந்த அடுப்படி, வரிசைக்கு ஒரு குழாய். லயம் கம்பெனியுடையது. மருந்துச் சாலை கம்பெனியுடையது. பிள்ளைக் காப்பகமும் கம்பெனியுடையது. குடியரசு இதை மாற்றவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் மருத்துவமும் முதலாளியின் கடமை என்று எழுதி, வெள்ளையர் கால ஏற்பாட்டையே சட்டமாக்கியது. நல்லெண்ணத்தோடு எழுதிய சட்டம்தான். ஆனால் கம்பெனி நிலத்தில் நிற்கும் கூரைக்கு ஓடு மாற்றப் பஞ்சாயத்துப் பணம் வராது என்பது அதன் மறுபக்கம். வாக்கும் ரேஷன் அட்டையும் உள்ள குடிமகன், வீட்டு விஷயத்தில் மட்டும் கம்பெனியின் ஆளாகவே நீடித்தான். 1990களின் பிற்பகுதியில் தேயிலை விலை வீழ்ந்து, 2000ஐ ஒட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, வீடும் மருத்துவமும் சம்பளத்தோடு சேர்ந்தே போயின. அந்த நாட்களைப் பீர்மேட்டுத் தேயிலைக் காட்டிலிருந்து ஆராய்ந்த ஜெயசீலன் ராஜின் நூல் 2022இல் வெளிவந்தது.

கொழுந்து கிள்ளி ஓய்ந்த முதியவர்கள் 'வெள்ளைக்கார துரை காலத்தில் லயத்துக்கு வருசா வருசம் சுண்ணாம்பு அடிப்பார்கள்' என்று சொல்வதை இந்தப் பின்னணியில்தான் கேட்க வேண்டும். அடிமை மனப்பான்மை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. துரையின் பிரம்பும், அரைப்பேர் போட்டுக் கூலி வெட்டியதும், இருட்டோடு ஊதிய கொம்பும் அதே முதியவர்களுக்கு மறக்கவில்லை. அதையும் அடுத்த மூச்சில் சொல்வார்கள். சுண்ணாம்பை நினைப்பது இன்றைய கூரை ஒழுகுவதைச் சொல்லும் வழி. கம்பம் பள்ளத்தாக்கின் பென்னிகுயிக் கதை செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது: இறந்துபோன ஒரு வெள்ளையரைப் புகழ்ந்து, செலவழிக்காத அரசை இடித்துரைக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். சமவெளிக்காரருக்குக் காட்ட ஓர் அணை இருக்கிறது. லயத்துக்காரருக்குப் பெயர்ந்த சுவர் மட்டுமே.

1956 மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் இசையவில்லை. அணை இருக்கும் தாலுகா கேரளத்தில் நின்றது, தண்ணீர் தமிழகத்துக்குப் போனது, வாடகை திருவனந்தபுரத்துக்கு வந்தது. இம்மூன்றில் எதுவும் லயத்தின் வாசலைத் தொடவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்து 70 பேர் மாண்ட பிறகே, தோட்டக் குடியிருப்பு யாருடைய பொறுப்பு என்ற கேள்வி சட்டமன்றம் வரை உரக்கக் கேட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் லயங்களைச் செப்பனிடக் கேரள அரசு தன் நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. கம்பெனி நிலத்தில் அரசுப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற பழைய சிக்கல் அந்தத் தொகையின் முன்னும் வந்து நின்றது.