வெளிநாட்டில் வசிப்புரிமை விசா: விண்ணப்பக் கட்டணத்துக்கு அப்பால் எவ்வளவு பணம் தேவை?

பெங்களூரு: வெளிநாட்டில் குடும்பத்துடன் தங்கிப் பணிபுரியவோ, நிரந்தரமாகக் குடியேறவோ திட்டமிடுவோர் முதலில் பார்ப்பது விசா விண்ணப்பக் கட்டணத்தைத்தான். ஆனால், பல நாடுகளில் மொத்தச் செலவில் அது ஒரு சிறு பகுதி மட்டுமே. பெங்களூரில் இருந்து பிரிட்டன், கனடா, ஜெர்மனி செல்ல விரும்புவோர் கணக்கில் கொள்ள வேண்டிய செலவுகள் வருமாறு:

மூன்று வகைப் பணம்

தேவைப்படும் தொகையை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதலாவது, செலுத்தினால் பெரும்பாலும் திரும்பாத கட்டணங்கள். இரண்டாவது, வங்கியில் இருப்பாகக் காட்ட வேண்டிய தொகை. இது நம் பணமே என்றாலும், வட்டிக்கு வாங்கினால் அதுவும் செலவாகிவிடும். மூன்றாவது, சென்று இறங்கியது முதல் முதல் மாத ஊதியம் வரை வாடகை, முன்பணம், உணவு ஆகியவற்றுக்கான தொகை.

பிரிட்டன்

திறன்மிகு பணியாளர் விசாவுக்கு இந்தியாவில் இருந்து மூன்று ஆண்டுகள் வரையிலான காலத்துக்கு விண்ணப்பிக்க 2025 ஏப்ரல் 9 நிலவரப்படி ஒருவருக்கு 769 பவுண்டு கட்டணம். இதனுடன் சுகாதாரக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டும், 18 வயதுக்கு உள்பட்டோருக்கு 776 பவுண்டும் முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

கணவன், மனைவி, இரு குழந்தைகள் மூன்று ஆண்டுகளுக்கு விண்ணப்பித்தால் விசா கட்டணம் 3,076 பவுண்டு. சுகாதாரக் கட்டணம் 10,866 பவுண்டு. மொத்தம் 13,942 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் எனக் கொண்டால், இது ஏறத்தாழ ரூ.16 லட்சம். விசா மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் கிடைக்காது. காசநோய்ப் பரிசோதனைச் செலவு தனி.

நிறுவனம் அரசுக்குச் செலுத்தும் குடியேற்றத் திறன் கட்டணத்தைப் பணியாளரிடம் வசூலிக்க அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை.

கனடா

எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் நிரந்தர வசிப்புரிமை கோருவோருக்கு 2024 ஏப்ரல் 30-இல் நடைமுறைக்கு வந்த கட்டணம் 1,525 கனடா டாலர். துணைவருக்கும் இதே தொகை. குழந்தை ஒன்றுக்கு 260 டாலர். பயோமெட்ரிக் பதிவுக்குக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 170 டாலர். நால்வருக்கு மொத்தம் 3,740 டாலர். ஆங்கிலத் தேர்வு, கல்விச் சான்று மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை ஆகியவை இதில் அடங்கா.

கனடாவில் பணி அனுபவமோ, தகுந்த வேலைவாய்ப்போ இல்லாதவர்கள் இருப்புத் தொகையையும் காட்ட வேண்டும். 2025 ஜூலை நிலவரப்படி நால்வர் குடும்பத்துக்கு இது 28,362 டாலர். கடன் வாங்கிய பணத்தையோ, சொந்த வீட்டின் மதிப்பையோ இதற்குக் காட்ட இயலாது. கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும் பார்க்கப்படுவதால், கடைசி நேரத்தில் சேர்க்கும் பணம் உதவாது.

ஜெர்மனி

மாணவர்கள் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ செலுத்த வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நடைமுறை. ஒரு யூரோ 100 ரூபாய் எனில், இது ரூ.11.90 லட்சம். ஜெர்மனி சென்ற பின் மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். விசா கட்டணம் 75 யூரோ மட்டுமே. இந்திய மாணவர்கள் பெற வேண்டிய ஏபிஎஸ் சான்றிதழுக்கு ரூ.18,000 ஆகும்.

உள்நாட்டுச் செலவும் வரியும்

36 பக்க பாஸ்போர்ட்டுக்கு ரூ.1,500, காவல் துறைத் தடையின்மைச் சான்றுக்கு ரூ.500 ஆகும். சான்றிதழ் மொழிபெயர்ப்பு, விண்ணப்ப மையச் சேவைக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கிகள் முன்கூட்டியே வரி பிடிக்கின்றன. 2025 ஏப்ரல் 1 முதல் நிதியாண்டுக்கு ரூ.10 லட்சம் வரை இந்தப் பிடித்தம் இல்லை. கல்வி, மருத்துவம் அல்லாத காரணங்களுக்கு அதற்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதம் பிடிக்கப்படும். கனடா டாலர் 65 ரூபாய் எனில், மேற்கண்ட 28,362 டாலர் ரூ.18.43 லட்சமாகும். அதை ஒருவரே அனுப்பினால் ஏறத்தாழ ரூ.1.69 லட்சம் கூடுதலாகத் தேவைப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கலின்போது இதை ஈடுசெய்யலாம் அல்லது திரும்பப் பெறலாம். எனினும், அதுவரை பணம் கையில் இராது.

முகவர்களிடம் கவனம்

இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவரிடம் இருந்து அதிகபட்சம் ரூ.30,000-மும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே பெறலாம். சுமார் ரூ.23 லட்சம் செலுத்தினால் ஐக்கிய அரபு அமீரகத்தின் வாழ்நாள் கோல்டன் விசா கிடைக்கும் என 2025 ஜூலையில் பரவிய தகவலை அந்நாட்டு அரசே மறுத்தது.

கட்டணங்கள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், பணம் செலுத்தும் முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் சரிபார்ப்பது அவசியம். நாணய மாற்று மதிப்பு உயரக்கூடும் என்பதால், மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்குவது பாதுகாப்பானது. தகுதி உறுதியான பிறகே பெரிய தொகைகளைச் செலுத்தினால், விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் இழப்பு குறையும்.