இக்கரையும் அக்கரையும்: பினாங்கு ஃபெரியில் ஒரு நாள்

பினாங்கு செல்லும் நம் குடும்பங்களில் பலவும் பாலத்தின் வழியே தீவுக்குள் நுழைந்து, உறவினரைக் கண்டு, அவ்வழியே திரும்பிவிடுகின்றன. நம் முன்னோர் அறிந்த வழி அதுவன்று. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த முதற்பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை கடலே தீவின் வாயிலாக இருந்தது.

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஜார்ஜ் டவுனை நிறுவியதும், சோழமண்டலக் கரையிலிருந்து நம் வணிகர்களும் மாலுமிகளும் அங்குக் குடியேறினர். காதர் முகைதீன் தலைமையில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர்களின் நிலைத்த அடையாளம். துறைமுகத் தொழிலாளர்க்குச் சோற்றையும் குழம்பையும் காவடியாகத் தோளில் சுமந்து விற்றவர்களும் நம்மவரே. இன்று புகழ்பெற்ற 'நாசி கண்டார்' உணவு அந்தத் தோள்களில் பிறந்தது.

பெருநிலத்தின் ரயில் பாதை எட்டாத இத்தீவில் ஒரு ரயில்வே கட்டடம் உண்டு. கடற்கரையில் மணிக்கூண்டோடு நிற்கும் அதில் பயணச்சீட்டு வாங்கி, ஃபெரி ஏறி அக்கரை சென்று, அங்கிருந்தே மக்கள் ரயில் பிடித்தனர். தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற எத்தனையோ பேர் இந்த நீரைக் கடந்திருப்பர்!

எனவே, ஜார்ஜ் டவுனில் தங்கும் குடும்பங்கள் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டுகிறோம். காலையில் பள்ளிவாசலைக் கண்டு, துறைக்கு நடந்தே செல்லலாம். 2021 முதல் ஃபெரியில் கார்கள் ஏற்றப்படுவதில்லை. வாகனத்தை விட்டுச் செல்வதே எளிது. பட்டர்வொர்த் சுமார் 3 கிலோமீட்டர்தான். இவ்வளவு குறுகிய தொலைவுக்காகத் தீவுவாசிகள் தொழுகையைச் சுருக்க இயலாது. வெளியூரிலிருந்து வந்தோர் தம் பயணத்திற்குரிய சட்டத்தைத் தம் ஆலிமிடம் கேட்டறிக. லுஹரை அக்கரையில் நிறைவேற்றி, அஸருக்குத் தீவு திரும்புமாறு நேரத்தை வகுத்தால் அலைச்சல் இராது. கடைசி ஃபெரியின் நேரத்தைப் புறப்படுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணமே முக்கியமானது. அப்போது பிள்ளைகளைத் தீவை நோக்கி அமர்த்துங்கள். ஊரையும் பெற்றோரையும் விட்டு, திரும்புவோமா என்றறியாது வந்த நம் பாட்டனார்கள் கடலிலிருந்து கண்ட கரை அது. அதைச் சொல்லிக்கொடுங்கள், அவர்களுக்காகத் துஆச் செய்யவும் கற்றுக்கொடுங்கள். பெயர் மறந்துபோன முன்னோருக்கு நாம் அளிக்கக்கூடிய பரிசு அதுவே.