விரலும் விசையும்

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளில் நிலையங்களைத் தேடிக் குமிழைத் திருப்பியவர்கள் ஓர் ஒலியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் மெல்லிய சீழ்க்கை ஒன்று எழும். குமிழ் நகர நகர அது கீழிறங்கும், மறைந்து போகும், பின்னர் மறுபுறத்தில் மேலேறும். பாட்டுக்கும் செய்திக்கும் காத்திருந்த நாம் அதனை இடையூறு என்று கருதிக் கடந்து சென்றோம். அந்தச் சீழ்க்கையையே செவிமடுத்துக் கேட்டவர் சிலரும் உலகில் இருந்தனர். மின்னிசை என்னும் புதுக்கலைக்கு வித்திட்டவர்கள் அவர்களே. அக்கலை வளர்ந்த வரலாற்றையும், ஊவா மலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு அதனோடு என்ன உறவு என்பதையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சீழ்க்கையின் காரணத்தை அறிந்துகொள்வோம். வினாடிக்கு 100,000 முறை அதிரும் மின்னலை ஒன்று; 100,400 முறை அதிரும் மின்னலை மற்றொன்று. இவ்விரண்டும் நம் செவிக்கு எட்டாதவை. எனினும் பெட்டிக்குள் இவை கலக்கும்போது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 400 அதிர்வுகள் ஒலிபெருக்கியில் இனிய ஒரு சுரமாய்க் கேட்கும். இரு அலைகளுள் ஒன்றைச் சிறிதே மாற்றினாலும் சுரம் ஏறும் அல்லது இறங்கும். 1920ஆம் ஆண்டில் ரஷ்ய இயற்பியல் அறிஞர் லெவ் தெர்மென் இந்த உண்மையைக் கொண்டே ஓர் இசைக்கருவியை ஆக்கினார். அதன் பெயர் தெர்மின். பெட்டி ஒன்றிலிருந்து இரண்டு உலோகக் கம்பிகள் நீண்டிருக்கும். கலைஞர் அவற்றைத் தொடுவதில்லை. ஒரு கையைக் காற்றில் அசைத்தால் சுரம் மாறும். மறு கையை அசைத்தால் ஒலி பெருகும், சிறுகும்.

பிரான்சு நாட்டில் மொரீசு மார்தெனோ என்பவர் முதல் உலகப் போரில் கம்பியில்லாத் தந்திப் பணியாளராக இருந்தார். அவரும் இந்தச் சீழ்க்கையைக் கேட்டவர். அத்துடன் செல்லோ என்னும் வில்லிசைக் கருவியை வாசிக்க வல்லவர். அவர் 1928இல் பாரிசு நகரில் அறிமுகப்படுத்திய கருவியில், கலைஞர் விரலில் ஒரு மோதிரத்தை அணிந்து, நீண்ட கம்பியொன்றின் வழியே அதனை இழுத்து வாசிப்பார். வில்லிசையின் வழுக்கலும் நடுக்கமும் அதில் பிறந்தன.

மின்னிசையின் இவ்விரு முன்னோடிக் கருவிகளும் சுரத்தை வழுக்கி நகர்த்தும் கருவிகள். சுரத்துக்குச் சுரம் தாவும் கட்டைகளை அவை நம்பியிருக்கவில்லை. பின்னர் வந்த கருவிகளிற் பெரும்பாலானவை பியானோவின் கட்டைகளைத் தாங்கியே வந்தன. விற்பனைக்கு அது எளிது. பழகியவர்களுக்கும் அது எளிது. ஆயினும் அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை என்ன என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் இல்லை.

தோடி இராகத்தின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். அங்கே தோடி தோன்றாது. அதனை அசைத்துப் பிடித்தால்தான் இராகம் தன் முகத்தைக் காட்டும். நாதசுரக் கலைஞர் மூச்சாலும் உதட்டாலும் விரலாலும் செய்வது அந்த அசைவையே. வீணையில் கம்பியை இழுத்துப் பிறப்பிப்பதும் அதுவே. கமகம் என்று நாம் சொல்வது சுரத்துக்குப் பூட்டிய அணி அன்று. சுரத்தின் உயிரே அது. கட்டையை அழுத்தினால் ஒலிக்கும், எடுத்தால் அடங்கும் என்ற கருவியில் அந்த உயிருக்கு இடம் ஏது? இந்தக் காரணத்தை முன்வைத்தே அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் திகதி முதல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. தடை செய்தது முறையா என்பது வேறு வழக்கு. கருவியின் அமைப்பு இசையின் அமைப்பை மாற்றிவிடக்கூடும் என்ற அச்சம் மெய்யானது.

எனினும் கட்டைகளுக்கு அடங்காத கலைஞர்களும் இருந்தார்கள். 1954இல் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்திப் படத்தில் ஒலித்த மகுடி இசையை அறியாதவர் குறைவு. பாம்பாட்டியின் மகுடி என்றே பலரும் நம்பிய அவ்வொலி, பிரான்சில் 1947இல் ஆக்கப்பட்ட கிளாவியோலின் என்னும் மின்கருவியிலிருந்து வந்தது. ஹேமந்த குமார் இசையமைத்த அப்படத்தில் அதனை வாசித்தவர், பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி. கட்டைகள் கொண்ட கருவிதான் அது. ஆனால் வாசித்த விரலுக்கு மகுடியின் வழி தெரிந்திருந்தது.

இதற்கிடையே அமெரிக்காவில் வேறொரு கதவு திறந்தது. 1957இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்தியூஸ் என்னும் பொறியியலாளர், கணினியைக் கொண்டு 17 வினாடி நீளமுள்ள ஒரு சிற்றிசையை ஒலிக்கச் செய்தார். ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை எண்களாகக் கணக்கிட்டு, அவ்வெண்களை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதே அவர் கண்ட முறை. இன்று குறுந்தட்டு ஒன்றில் ஒரு வினாடி இசைக்கு ஒவ்வோர் ஒலித்தடத்திலும் 44,100 எண்கள் அடங்கியிருக்கின்றன. அன்று அறை நிறைந்த கணினி நெடுநேரம் உழைத்துச் செய்ததை, இன்று மாணவன் கையிலுள்ள தொலைபேசி அந்தக் கணமே செய்து முடிக்கிறது. மரமும் தோலும் கம்பியும் இன்றிக் கணக்கினாலேயே ஒலியைப் பிறப்பிக்கும் இத்தகைய நிரலைத்தான் மென்பொருள் சிந்தசைசர் என்கிறோம். 1999 முதல் இவை இசைப்பதிவு நிரல்களுக்குள் தனிக் கருவிகளாகவே குடிபுகுந்தன.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. 1967இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்பவர் ஒரு சுரத்துக்குக் கணினியால் நடுக்கம் ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த நடுக்கத்தை மேலும் மேலும் விரைவாக்கியபோது, நடுக்கம் மறைந்து புதியதொரு ஒலிவண்ணம் பிறந்தது. அந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டு ஜப்பானின் யமஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட டீ.எக்ஸ்.7 என்னும் கருவி உலகெங்கும் பரவியது. அசைவிலிருந்தே ஒலிவண்ணம் பிறக்கும் என்ற அந்த உண்மை கமகத்தில் பழகிய செவிக்கு முற்றும் புதிதாகத் தோன்றாது.

நம் துணைக்கண்டம் இந்தக் கலையில் பிந்தி வந்ததென்று எண்ணுவது தவறு. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் என்னும் மின்னிசைப் பொறி நிறுவப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கு வந்து அதனை அமைத்துக் கொடுத்தார். முயற்சிக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர் பக்காவஜ் முழவு பயின்ற கீதா சாராபாய். 1972 வரை இந்திய இசைஞர்கள் அங்கு செய்த பதிவுகள் நெடுங்காலம் பெட்டகத்தில் உறங்கின. 2023இல்தான் அவை தொகுதியாக வெளிவந்து உலகத்தார் செவிக்கு எட்டின. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்னும் கலைஞர், பக்க இசைக்கென்று ஜப்பானியர் செய்த சிறு பொறிகளைக் கொண்டு பத்து இராகங்களை இசைத்துப் பதிவு செய்தார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் வசதி அப்பொறியில் இருந்ததை அவர் இராகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். அன்று அதனைப் பெரிதாய்ப் பொருட்படுத்தியவர் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே அது பாராட்டப்பட்டது.

தமிழ்த் திரையிசையில், 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்கருவிகளால் நெய்த அந்த இசை, இலங்கை மலைநாட்டு லயங்களிலும் ஒலித்ததை நேயர்கள் அறிவீர்கள்.

ஒலியைப் பிறப்பிக்கும் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்துவிட்டது. கையைப் பற்றிய கேள்வியோ அப்படியே நின்றது. 1983இல் பல நிறுவனங்கள் கூடி மிடி என்னும் பொது ஒழுங்கை ஏற்படுத்தின. எந்தக் கருவியும் எந்தக் கருவியோடும் பேச அது வழிசெய்தது. ஆனால் அது பேசிய மொழி கட்டைகளின் மொழி: எந்தக் கட்டை, எவ்வளவு வலிமை, எப்போது எடுக்கப்பட்டது என்பதே அதன் அடிப்படை இலக்கணம். ஒரு சுரத்தை வளைத்தால் அதே வழியில் ஒலிக்கும் மற்றச் சுரங்களும் சேர்ந்து வளைந்தன. ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியே வளைக்க இடந்தரும் விரிவு, பொது ஒழுங்காக ஏற்கப்பட்டது 2018இல்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன.

அந்த இடைக்காலத்தில் அறிஞர் பலர் கட்டைக்கு மாற்றான புதிய இயக்கு கருவிகளைத் தேடினர். இயக்கு கருவி என்பது தானே ஒலிப்பதில்லை. கை செய்ததைக் கணினிக்குச் சொல்வதே அதன் தொழில். இலினோய் பல்கலைக்கழகத்தின் லிப்போல்டு ஹாக்கன், கட்டைகளே இல்லாத மெத்தென்ற பரப்பொன்றை ஆக்கினார். கொன்டினுவம் என்னும் அப்பரப்பில் விரல் வழுக்கினால் சுரம் வழுக்கும்; நடுங்கினால் நடுங்கும். ரஹ்மான் அதனை விரும்பி எடுத்துக்கொண்டார். 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாட்டின் இறுதியில் நெடிது ஒலிப்பது அக்கருவியே. அஜய் கபூர் என்னும் ஆய்வாளர் தம் குழுவினருடன் 2002இல் தபலாவையும் 2004இல் சித்தாரையும் கணினியின் இயக்கு கருவிகளாக வடிவமைத்து ஆய்வரங்குகளில் முன்வைத்தார். கணினி இசையின் தந்தை எனப்படும் மாக்ஸ் மாத்தியூஸ் தம் பிற்காலத்தில் செய்தது என்ன தெரியுமா? இரண்டு குச்சிகள். ஒரு பலகையின் மேல் அக்குச்சிகளை அசைத்தாலோ அடித்தாலோ, அவை நிற்கும் இடத்தைக் கணினி அறிந்து இசையை நடத்தும்.

இரண்டு குச்சிகள் என்றதும் நம் நினைவு எங்கே செல்கிறது? பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் நமுனுகலை அடிவாரத்திலும் ஒலித்த தப்புக்கு அன்றோ! 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மலையேறிவந்த நம் முன்னோரோடு வந்த கருவி அது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அடியெடுத்துக் கொடுத்ததும், இறந்தோரை வழியனுப்பியதும் தப்பே. நெருப்பில் வாட்டித் தோலை இறுக்கி, ஒரு கையில் குட்டைக் குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் கொண்டு அடிப்பார்கள். நடுவில் விழும் அடி வேறு, ஓரத்தில் விழும் அடி வேறு. தோலை அடக்கி அடிப்பது வேறு, அதிர விடுவது வேறு. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அடியும் வேறு.

அத்தகைய கருவியைச் சாவுக்குரியது என்றும், குறிப்பிட்ட சாதிக்குரியது என்றும் ஒதுக்கிய மனப்பான்மை நம்மிடையே இருந்தது. இன்னும் முற்றாக ஒழியவில்லை. இப்போது தோட்டத்துத் திருவிழாக்களில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் உயர்ந்து நிற்கின்றன. இளைஞர்கள் தொலைபேசியிலேயே தாளம் அமைக்கிறார்கள். அதனை நான் குறைகூறேன். வசதியற்ற பிள்ளைக்கும் ஓர் இசைக்கூடம் கைக்குள் கிடைத்தது பெரும்பேறு. ஆயினும் அந்தப் பொறியில் ‘தப்பு’ என்று ஓர் ஒலித்துணுக்கைச் சேர்த்து, விசையை அழுத்தினால் போதும் என்று நின்றுவிட்டால், ஆர்மோனியத்தால் நேருமென்று அன்று அஞ்சியது இன்று நமக்கு நேரும். ஓசை மிஞ்சும், அடி மறையும். அடித்தவரின் பெயரும் மறையும்.

வேறு வழி உண்டு. சிறிய விலையில் கிடைக்கும் அதிர்வுணரி வில்லைகள் இரண்டைத் தப்பின் தோலிலும் சட்டத்திலும் ஒட்டி, அவற்றின் மின்குறிகளை ஒப்பிட்டால், நடு அடியையும் ஓர அடியையும் கணினி பிரித்தறியச் செய்யலாம். அக்குறிகளைக் கொண்டு இசையை இயக்க, 1996 அளவில் மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா போன்ற நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய கணினியிலும் அவை இயங்கும். தோட்டப்புறப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் கணினிக்கூடம் ஒரே நிலையில் இல்லை என்பதை நான் அறிவேன். எனினும் இதற்குக் கூடம் நிறையக் கணினிகள் வேண்டா, ஒன்று போதும். அதற்கு முன்பே செய்யத்தக்கது ஒன்றுண்டு. தப்படிக்கும் பெரியவர்களைப் பாடசாலை மேடைக்கு மதிப்போடு அழைத்து, ஒவ்வோர் அடியையும் அதன் பெயரோடும் வேளையோடும் பதிந்து வைப்பதே அது. பதிவில் அவர்கள் பெயர் இருக்கட்டும். அவர்கள் உழைப்புக்குக் கூலியும் இருக்கட்டும்.

ஒரு நூற்றாண்டு வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். பொறி தானாக எந்த மரபையும் அழித்ததில்லை. தானாகக் காத்ததும் இல்லை. தன் கைப்பழக்கத்தை விட்டுக்கொடாமல், பொறியையே வளைத்தவர்களின் இசை நிலைத்தது. கல்யாண்ஜியின் விரல் கட்டைக்கு மகுடியைக் கற்பித்தது. நம் பெரியவர்களின் குச்சிகளும் கணினிக்குக் கற்பிக்கும் ஆற்றல் உடையவை. கற்பிக்கும் கைகள் ஓய்ந்துபோகுமுன் அந்தப் பாடத்தைத் தொடங்குவது ஊவாவின் பாடசாலைகளாகிய எங்கள் கடமை. பிள்ளைகளை அதற்கு அனுப்பிவைப்பது பெற்றோராகிய உங்கள் கடமை.