போர்க்காலங்களில் சூயஸ் கால்வாய்: நடுநிலை உடன்படிக்கையும் கரை ஆதிக்கமும்

முன்னுரை

மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் 1869 நவம்பர் 17 அன்று திறக்கப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்ற ஐரோப்பிய – ஆசியக் கடற்பயணம் இதனால் பெரிதும் குறுகியது. ஆயினும், குறுகலான நீர்வழியாதலின், சில கப்பல்களை மூழ்கடித்தாலே இது அடைபடும். போர்க்காலங்களில் இக்கால்வாயின் நிலையை முடிவு செய்தது உடன்படிக்கையா, கரையில் நின்ற படையா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1882: அடைபடாத கால்வாய்

கடன் நெருக்கடிக்குள்ளான எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயிலிடமிருந்து கால்வாய் நிறுவனத்தின் 44 விழுக்காட்டுப் பங்குகளைப் பிரிட்டன் 1875இல் வாங்கியது. 1882இல் உராபி பாஷாவின் எழுச்சியை ஒடுக்கப் படையும் அனுப்பியது. கால்வாயை அடைத்துவிடும் வாய்ப்பு உராபிக்கு இருந்தது. எனினும், அதன் நடுநிலை மீறப்படாது என லெஸ்ஸெப்ஸ் அளித்த உறுதியை நம்பி அவர் தயங்கினார். ஆகஸ்டில் வூல்ஸ்லியின் படை கால்வாய் வழியாகவே வந்து இஸ்மாயிலியாவில் இறங்கியது. செப்டம்பர் 13இல் தெல் எல்-கபீரில் உராபியின் படையை முறியடித்தது.

உடன்படிக்கையும் நடைமுறையும்

போரிலும் அமைதியிலும் எந்நாட்டுக் கப்பலுக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்று 1888ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் உடன்படிக்கை விதித்தது. எகிப்தின் பாதுகாப்பிற்கான நடவடிக்கைகளுக்கு அதுவே இடமும் அளித்தது. முதல் உலகப்போரில் பிரிட்டன் இவ்விலக்கின் துணையுடன் எதிரி நாட்டுக் கப்பல்களைத் தடுத்தது. 1935இல் எத்தியோப்பியாமீது படையெடுத்த இத்தாலியின் படைக்கப்பல்களோ தடையின்றிச் சென்றன. ஒரே உடன்படிக்கை, கரையை ஆண்ட அரசின் தேவைக்கேற்ப இருவேறு வகையில் பயன்பட்டது.

1915 பிப்ரவரியில் ஜெமால் பாஷாவின் உதுமானியப் படை சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து கால்வாயைத் தாக்கியது. அதனை முறியடித்ததில் இந்தியப் படைப்பிரிவுகளுக்குப் பெரும்பங்குண்டு. 1941இல் நிலைமை வேறு. ஜெர்மானிய வானூர்திகள் காந்தக் கண்ணிவெடிகளைக் கால்வாயில் இட்டன. அவற்றை அகற்றும் வரை போக்குவரத்து பலமுறை நின்றது. கரைக்காவல் மட்டும் இனிப் போதாது என்பது அப்போது புலனாயிற்று.

1956, 1967: அடைபட்ட கால்வாய்

1956 ஜூலை 26இல் நாசர் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்சு ஆகியவை தாக்கியபோது, உராபி செய்யத் தயங்கியதை நாசர் செய்தார். கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தார். கால்வாயைக் காப்பதாகக் கூறி வந்த படையெடுப்பே அதனை மூடச் செய்தது. ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் தடைகள் அகற்றப்பட்டு, 1957 ஏப்ரலில் அது முழுமையாகத் திறக்கப்பட்டது.

1967 ஜூன் போரில் கால்வாய் மீண்டும் மூடப்பட்டது. கிழக்குக்கரை இஸ்ரேலிடமும் மேற்குக்கரை எகிப்திடமும் இருந்தமையால் கால்வாயே போர்முனையாயிற்று. பெரும் கசப்பு ஏரியில் 14 கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தன. எகிப்து சுங்க வருவாயை இழந்தது; எண்ணெய்க் கப்பல்கள் நன்னம்பிக்கை முனைவழிக்குத் திரும்பின. 1973 போருக்குப் பிந்தைய படைவிலக்க உடன்பாடுகளுக்குப் பின்னரே, 1975 ஜூன் 5இல் கால்வாய் திறக்கப்பட்டது.

முடிவுரை

1888 உடன்படிக்கையின் வாசகம் மாறவில்லை. கரையை ஆண்டவர்களே மாறினர். இரு கரைகளும் ஓர் அரசின் பிடியில் இருந்தவரை, யாருக்கு வழிவிடுவது என்பதை அவ்வரசே முடிவு செய்தது. கரைகள் இரு படைகளிடையே பிரிந்தபோது, மூடுவது எளிதாகவும் திறப்பது இருதரப்பின் இசைவின்றி இயலாததாகவும் ஆயிற்று. நடுநிலை என்பது கால்வாயின் இயல்பன்று. கரையில் நிலவும் அரசியல் உடன்பாட்டின் விளைவே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.